தம்பி எம்எம்ஏ புரோ ஃபைட்டர் ஆகணும்னு நிற்கிறான், பெங்களூரு அனுப்பலாமா?

சிப்காட்_ஷிஃப்ட்:

வணக்கம். ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன், வீடு சத்துவாச்சாரி. தம்பிக்கு 20 வயது, பிசிஏ இரண்டாம் வருஷம் முடியப்போகிறது. பள்ளியிலிருந்தே ஜூடோ ஆடுகிறான், மாநில அளவில் பதக்கம் இருக்கிறது. கொஞ்ச நாளாக எம்எம்ஏ, அதாவது குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த கூண்டுச் சண்டை, அந்தக் கிறுக்கு பிடித்துவிட்டது. பாகாயம் பக்கத்தில் ஒரு மொட்டைமாடியில் ஷீட் போட்டு மேட் விரித்து நாலைந்து பையன்கள் சேர்ந்து பயிற்சி செய்கிறார்கள். கோச் கிக்பாக்சிங் தெரிந்தவர். தரையில் உருண்டு பூட்டுப் போடுகிற வேலையெல்லாம் இவர்களே யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள்வதுதான்.

இப்போது என்னவென்றால், மூன்றாம் வருஷத்தைக் கரஸில் முடித்துக்கொள்கிறேன், பெங்களூரு போய்ப் பெரிய ஜிம்மில் சேர்ந்து புரோ ஃபைட்டர் ஆகிறேன் என்கிறான். ரூம் வாடகை, ஜிம் ஃபீஸ், முட்டை, சிக்கன் எல்லாம் என் சம்பளத்தில்தான். அப்பா எக்ஸ் சர்வீஸ்மேன், போலீஸ் செலக்‌ஷனுக்குப் படி என்று ஒரே பிடியாக நிற்கிறார். ஒரு பக்கக் காது வீங்கி வீட்டுக்கு வந்தானே, அன்றிலிருந்து அம்மாவுக்குத் தூக்கம் போச்சு. நடுவில் மாட்டிக்கொண்டது நான்.

இதில் இன்னொன்று. மே மாதம் பக்கத்து மாநிலத்தில் ஏதோ ஒரு ஷோவில் புரோ டெப்யூ தருவதாக யாரோ வாட்ஸ்அப்பில் பேசியிருக்கிறார்கள். 65.8 கிலோ பிரிவு, ஃபெதர்வெயிட். இவன் இப்போது 74 கிலோ. குறைத்துவிடலாம் என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறான்.

இந்தத் தொழிலில் ஒருவன் எப்படி மேலே போகிறான், பணம் எங்கிருந்து வருகிறது, எத்தனை வருஷம் நான் தாங்க வேண்டியிருக்கும்? இதுதான் எனக்குத் தெரியணும். கனவைத் தடுக்காதீங்க, உருப்படுற வழியைப் பாருங்க ரகப் பதில்கள் வீட்டிலேயே தாராளமாகக் கிடைக்கின்றன, தயவுசெய்து அது வேண்டாம்.

குடியாத்தம்_கார்னர்மேன்:

சொந்த ஊர் குடியாத்தம். பெங்களூருவில் சில வருஷம் பயிற்சி எடுத்து, அமெச்சூர், அப்புறம் புரோ என்று கொஞ்சம் சண்டை போட்டிருக்கிறேன். இப்போது அதே ஊரில் காலையில் ஐடி ஆட்களுக்குப் பேட் பிடித்துச் சம்பாதிக்கிறேன், சாயங்காலம் ஃபைட்டர்களுக்கு மூலையில் நிற்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன், நீளமாகப் போகும்.

அந்த மே மாத டெப்யூவை முதலில் நிறுத்துங்கள். புரோ என்று ஒரு தடவை இறங்கினால் அந்த முடிவு ஃபைட்டர்களின் வெற்றி தோல்வியைப் பதிந்து வைக்கிற ஷெர்டாக், டேபாலஜி தளங்களில் ஏறிவிடும், ஆயுசுக்கும் அழியாது. பிற்பாடு ஒரு நல்ல ஷோவில் ஜோடி சேர்க்கிற மேட்ச்மேக்கர் இவனை எடுக்கலாமா என்று யோசிக்கும்போது முதலில் திறக்கிற பக்கம் அதுதான். முன்பின் தெரியாத வெளியூர்ப் பையனைக் கடைசி நேரத்தில் கூப்பிட்டு, அதுவும் எட்டு கிலோ இறங்கி வா என்கிறார்கள் என்றால், உள்ளூர் ஆள் ஒருவனுக்கு ஒரு வெற்றி தேவைப்படுகிறது. எதிராளி பேரைக் கேட்டு அந்தத் தளங்களில் தேடிப் பாருங்கள், பாதி விஷயம் அங்கேயே தெரிந்துவிடும். அமெச்சூரில் தோற்றால் யாரும் சீண்ட மாட்டார்கள், எத்தனை தோல்வி வேண்டுமானாலும் அங்கே வாங்கிக்கொள்ளலாம்.

மேலே போகிற வழி: அமெச்சூரில் நிறைய சண்டை, பிறகு இங்கே மேட்ரிக்ஸ் ஃபைட் நைட் மாதிரி ஒரு ஷோ, அங்கே வரிசையாக ஜெயித்தால், உச்சியில் இருக்கிற அமெரிக்க எம்எம்ஏ கம்பெனியான யுஎஃப்சிக்கு ஆள் எடுக்கிற ரோடு டு யுஎஃப்சி போட்டியிலோ சிங்கப்பூரின் ஒன் சாம்பியன்ஷிப்பிலோ கதவு திறக்கும். இங்கிருந்து அங்கே போனவர்களைப் பாருங்கள். பரத் கண்டாரே 2017 நவம்பரில் ஷாங்காயில் யுஎஃப்சியில் இறங்கினார், சீனாவின் சோங் யாடோங் முதல் ரவுண்டிலேயே கழுத்தைப் பிடித்து முடித்துவிட்டார். பூஜா தோமர் உத்தரப் பிரதேசத்துப் பெண், சீனத் தற்காப்புக் கலையான வூஷூவில் தேசிய சாம்பியன், பாலித் தீவில் போய்ப் பயிற்சி எடுத்து 2024 ஜூனில் ஜெயித்தார், யுஎஃப்சியில் ஜெயித்த முதல் இந்தியப் பெண் அவர்தான். அதுவும் மூன்று நடுவர்களில் இரண்டு பேர் தந்த வெற்றி, ஸ்ப்ளிட் டெசிஷன்.

உங்கள் தம்பி உட்கார்ந்து பார்க்க வேண்டிய கதை அன்ஷுல் ஜூப்ளியுடையது. உத்தராகண்ட் பையன், ராணுவ அதிகாரி தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர். தோல்வியே இல்லாமல் வந்து 2023 பிப்ரவரியில் ரோடு டு யுஎஃப்சி இறுதியில் இந்தோனேசியாவின் ஜெகா சாராகியை இரண்டாவது ரவுண்டில் முடித்து ஒப்பந்தம் வாங்கினார். அதே வருஷம் அக்டோபரில் அபுதாபியில் மைக் பிரீடனிடம் மூன்றாவது ரவுண்டில் நாக்அவுட். அடுத்த சண்டை 2025 பிப்ரவரியில்தான், சிட்னியில், 19 விநாடியில் தோற்றுப்போனார். ஜெயிப்பது தோற்பது இருக்கட்டும், அந்த இரண்டு சண்டைக்கும் நடுவில் ஒரு வருஷத்துக்கும் மேல் இடைவெளி இருக்கிறதே, அதைப் பாருங்கள். இந்தத் தொழிலில் மாதச் சம்பளம் கிடையாது, இறங்கினால்தான் காசு. விரல் உடைந்தால், எதிராளி விலகினால், விசா தாமதமானால் பூஜ்யம்.

யுஎஃப்சியிலேயே புதிதாக நுழைகிறவனுக்குப் பொதுவாகப் பேசப்படுவது இறங்கினால் 10,000 முதல் 12,000 டாலர், ஜெயித்தால் இன்னொரு மடங்கு, தோற்றால் அந்தப் பாதியோடு சரி. அமெரிக்காவில் சண்டை என்றால் வெளிநாட்டுக்காரனுக்கு 30 சதவீதம் வரை வரிப் பிடித்தம், மேனேஜர் பங்கு, கோச் பங்கு, பயிற்சி முகாம் செலவு. வருஷத்துக்கு இரண்டு சண்டை கிடைத்தால் மிச்சம் என்ன என்று நீங்களே போட்டுப் பாருங்கள். அங்கேயும் அவர்கள் ஊழியர்கள் இல்லை, கான்ட்ராக்டர்கள்தான். சம்பளத்தை அமுக்கினார்கள் என்று பழைய ஃபைட்டர்கள் போட்ட வழக்கில் 375 மில்லியன் டாலர் தர யுஎஃப்சி ஒத்துக்கொண்டு, 2025-இல் கோர்ட் அதற்குக் கையெழுத்துப் போட்டது. உச்சியில் இருக்கிற கம்பெனியின் கதையே இது. நம்மூர்ச் சின்ன ஷோக்களில் பஸ் காசும் ரூமும் கிடைத்தால் பெரிது, அமெச்சூர் என்றால் நாமே நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டிய இடங்களும் உண்டு.

அதனால் எத்தனை வருஷம் தாங்கணும் என்ற கேள்விக்கு: சண்டைக் காசில் அவன் வாழ்வான் என்று கணக்கே போடாதீர்கள். இங்கே சண்டை போடுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் பர்சனல் டிரெயினிங்கில்தான் சோறு சாப்பிடுகிறார்கள். வாடகையை அவனே சம்பாதித்துக்கொண்டு பயிற்சியும் செய்ய முடிகிறதா என்று பாருங்கள், முடிந்தால் அவன் தாங்குவான்.

பாலாத்துப்_பையன்:

அண்ணா ஃபிரான்சிஸ் இங்கானு காமரூனில் சின்ன வயசிலேயே மணல் குவாரியில் வேலை பார்த்த ஆள். இருபது வயசு தாண்டித்தான் பாக்சிங் ஆரம்பிச்சார், பாரிஸில் தெருவில் படுத்தார், 2021-இல் யுஎஃப்சி ஹெவிவெயிட் சாம்பியன். உங்க தம்பிக்குப் பதக்கமே இருக்கு. விடுங்க, பறக்கட்டும்.

குடியாத்தம்_கார்னர்மேன்:

இங்கானு கதை நிஜம்தான். அதே குவாரியில் கூட மணல் அள்ளியவர்கள் எத்தனை பேர் சாம்பியன் ஆனார்கள் தம்பி?

இரும்பு_மாமா:

தம்பி, நானும் சத்துவாச்சாரிதான், உங்கள் அப்பாவை எனக்குத் தெரிந்திருக்கவும் கூடும். நம்ம ஏரியா பளுதூக்கும் ஊர். சதீஷ் சிவலிங்கம் இங்கிருந்து போய்த்தான் 2014 கிளாஸ்கோ, 2018 கோல்ட் கோஸ்ட் இரண்டு காமன்வெல்த்திலும் 77 கிலோவில் தங்கம் அடித்தார். அந்தத் தெருக்களில் பையன்கள் ஏன் தலைமுறை தலைமுறையாகக் கம்பியைத் தூக்குகிறார்கள் தெரியுமா? பதக்கம் ஒரு பக்கம், அதன் பின்னால் ரயில்வே, ராணுவம், போலீஸ் என்று வேலை இருக்கிறது. வீட்டில் அடுப்பு எரிவதால்தான் தைரியமாகத் தூக்குகிறான்.

உங்கள் அப்பாவும் தம்பியும் எதிரெதிராக நிற்பதாக நினைக்கிறீர்கள், எனக்கு அப்படித் தெரியவில்லை. சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்துகிற போலீஸ் தேர்வில் விளையாட்டு வீரர்களுக்கு 10 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அந்தப் பட்டியலில் ஜூடோ இருக்கிறது, மல்யுத்தம், பாக்சிங், பளுதூக்குதல் எல்லாம் இருக்கிறது. எம்எம்ஏ இல்லை. மற்ற அரசு வேலைகளுக்கும் 3 சதவீதம் உண்டு. ஆனால் பள்ளிக்கூட மாநிலப் பதக்கத்தை வைத்துக்கொண்டு அங்கே போய் நின்றால் வேலைக்காகாது, சான்றிதழ் படிவம் முக்கியம். தமிழ்நாட்டுக்காக தேசியப் போட்டியில் ஆடினால் படிவம் 2, பல்கலைக்கழக அணியில் அகில இந்தியப் போட்டிக்குப் போனால் படிவம் 3. உங்கள் தம்பியின் கல்லூரி திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தால், மூன்றாம் வருஷம் ரெகுலரில் இருக்கும்போதே பல்கலைக்கழகம் இருக்கிற சேர்க்காடு போய் ஜூடோ செலக்‌ஷனில் நிற்க வேண்டும். கரஸுக்கு மாறினால் அந்த வழி அடைபட்டுப் போகும். ஒரு வருஷம்தான் கேட்கிறேன்.

2026 ஐச்சி நகோயா ஆசிய விளையாட்டில் எம்எம்ஏ-வைச் சேர்த்திருக்கிறார்கள் என்று சொல்வான், தெரியும். நல்லதுதான். அது நம்ம அரசாங்கத்தின் வேலைப் பட்டியலுக்குள் வரட்டும், அன்றைக்குப் பேசுவோம்.

நைட்_டூட்டி_அக்கா:

வேலூரில் ஒரு ஆஸ்பத்திரி எமர்ஜென்சியில் நர்ஸாக இருக்கிறேன். யாரும் அந்த எட்டு கிலோவைப் பற்றி விரிவாகப் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன்.

74-இலிருந்து 65.8 என்றால் உடம்பு எடையில் 11 சதவீதம். ஒரு மாதத்தில் கொழுப்பில் மூன்று நாலு கிலோ போகலாம், மீதி தண்ணீர்தான். கடைசி மூன்று நாள் உப்பை நிறுத்துவது, தண்ணீரை நிறுத்துவது, பிளாஸ்டிக் சூட் போட்டு ஓடுவது, சுடுதண்ணீர் டப்பில் கழுத்து வரை உட்காருவது, வாயில் மிட்டாயை அடக்கிக்கொண்டு பாட்டிலில் எச்சில் துப்புவது. இதைக் கத்திரி வெயிலில் கோட்டை அகழி ஓரமாக ஓடிச் செய்யப் போகிறானா? வேலூர் வெயில் என்ன செய்யும் என்று மே மாதம் எங்கள் வார்டுக்கு வந்து பார்க்கச் சொல்லுங்கள். சும்மா ரோடு வேலை செய்கிறவர்களே உடம்பு கொதிக்கக் கொதிக்க, ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றிக்கொண்டு வருகிறார்கள், சிறுநீர் டீ டிக்காஷன் நிறத்தில் இருக்கும். அந்த நிறம் வந்தால் தசை சிதைந்து கிட்னியை அடைக்கிறதாக இருக்கலாம்.

2015 டிசம்பரில் யாங் ஜியான் பிங் என்ற சீனப் பையன், 21 வயது, ஒன் சாம்பியன்ஷிப் சண்டைக்கு எடை குறைக்கும்போது மணிலாவில் செத்துப்போனான். அதற்குப் பிறகுதான் அந்தக் கம்பெனி தண்ணீரை வற்ற வைத்து எடை குறைப்பதைத் தடை செய்து, சிறுநீரில் நீர்ச்சத்து சோதனை கொண்டுவந்தது. வாட்ஸ்அப்பில் கூப்பிடுகிற ஷோவில் இதெல்லாம் யார் பார்ப்பார்கள்?

வெயிட் பார்த்து முடிந்ததும் பக்கத்து கிளினிக்கில் ரெண்டு பாட்டில் டிரிப்ஸ் ஏற்றிக்கொள்ளலாம் என்று பையன்கள் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். யுஎஃப்சியிலேயே 2015-இல் அதற்குத் தடை கொண்டுவந்தார்கள். ஒரு ராத்திரியில் உடம்பு முழுதாகத் திரும்பாது, அந்த நிலையில்தான் மறுநாள் தலையில் அடி வாங்க இறங்குகிறார்கள்.

கடைசியாக ஒன்று. எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, சி ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கேட்கிறார்களா என்று விசாரியுங்கள். இவனிடம் கேட்கவில்லை என்றால் எதிராளியிடமும் கேட்கவில்லை. கூண்டுக்குள் ரத்தம் யாருடையது என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

சிப்காட்_ஷிஃப்ட்:

எல்லோருக்கும் நன்றி. படிவம் 3 விஷயம் அப்பாவுக்கே தெரியவில்லை. அக்கா எழுதியதைத் தம்பியிடம் படித்துக் காட்டினேன், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போனைப் பிடுங்கிக்கொண்டான். கீழே எழுதுவது அவன்.

அதே ஐடி, தம்பி எழுதுகிறேன். வெயிட் கட் பற்றி நானும் படித்திருக்கிறேன், எல்லா ஃபைட்டரும் செய்கிறார்கள். சரி, மே மாதம் வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இங்கே இருந்தால் வளர முடியாது, அதை யாரும் புரிந்துகொள்ளவில்லை. மாடியில் என்னோடு பயிற்சி செய்கிறவர்களில் என் எடையில் ஒருத்தன்தான் இருக்கிறான், அவனும் வாணியம்பாடியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறான். ஜூடோவில் இன்னும் ஒரு வருஷம் போனால் எனக்கு 21. ரோண்டா ரௌசி ஜூடோவில் ஒலிம்பிக் வெண்கலம் வாங்கிவிட்டு வந்துதான் யுஎஃப்சி சாம்பியன் ஆனார், அதனால் என் பேஸ், அதாவது அடித்தளம், நல்ல பேஸ்தான். இப்போதே போனால் என்ன தப்பு?

குடியாத்தம்_கார்னர்மேன்:

வா தம்பி. எல்லா ஃபைட்டரும் செய்கிறார்கள் என்றாய், அவர்களுக்குப் பக்கத்தில் அதை மட்டும் பார்க்க ஒரு ஆள் சம்பளத்துக்கு இருக்கிறான். உனக்கு யார் இருக்கிறார்கள்?

ஜூடோ நல்ல பேஸ், சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டு ஓட்டை இருக்கிறது. நீ இதுவரை தூக்கிப் போட்டதெல்லாம் எதிராளியின் சட்டைக் கையையும் காலரையும் பிடித்துத்தான். கூண்டில் அவன் வெறும் உடம்போடு வேர்வையில் வழுக்கிக்கொண்டு நிற்பான். அக்குளுக்கு அடியில் கை நுழைத்துக் கட்டிப் பிடித்துப் போடுகிற வீச்சுகள் உனக்கு வருமா? இரண்டாவது, காலைப் பிடிப்பதை ஜூடோவில் 2010-லிருந்து படிப்படியாகத் தடை செய்துவிட்டார்கள். அதனால் உன் வயசு ஜூடோக்காரனுக்குக் காலுக்குப் பாய்கிறவனைத் தடுத்த பழக்கமே இருக்காது. ஹரியானா மல்யுத்தப் பையன் ஒருத்தன் முதல் அரை நிமிஷத்தில் உன் இரண்டு காலையும் அள்ளிக்கொண்டு கூண்டு ஓரத்தில் சாத்திவிடுவான், நீ மேலே பார்த்தபடி முழங்கை வாங்கிக்கொண்டிருப்பாய். இந்த இரண்டையும் அடைக்க உனக்கு மல்யுத்த மேட் வேண்டும், கூண்டு இப்போதைக்கு வேண்டாம்.

பார்ட்னர் இல்லை என்று சொன்னாயே, அது மட்டும் நூற்றுக்கு நூறு நியாயம். அதற்கு ஊரை விட வேண்டியதில்லை. காட்பாடியில் ரயில் ஏறினால் ரெண்டு மணி நேரத்தில் சென்னை, பெங்களூருவும் அதிக தூரமில்லை. மே ஜூன் லீவில் பெங்களூரு வந்து ஒரு மாதம் தங்கு, கல்லூரி திறந்ததும் திரும்பு. அந்த ஒரு மாதத்தில் பெரிய ஜிம்மில் உன் எடைக்காரர்கள் உன்னை என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அடி வாங்கியதற்கு மறுநாள் காலையில் நீ மேட்டுக்குத் திரும்பி வருகிறாயா என்றும் உனக்கே தெரியும். பாதிப் பேர் வருவதில்லை.

ஜிம் எப்படிப் பார்ப்பது என்று உன் அண்ணனுக்குச் சொல்கிறேன். சுவரில் மாட்டியிருக்கிற பெல்ட்டைப் பார்க்காதீர்கள், சாயங்கால வகுப்பு முடிந்ததும் ஓரமாக உட்கார்ந்து மேட்டைத் துடைக்கிறார்களா என்று பாருங்கள். கிருமிநாசினி போட்டுத் தினமும் துடைக்காத இடத்தில் படர்தாமரை நிச்சயம். ஒருத்தனுக்கு வந்தால் வாரத்தில் எல்லோருக்கும் வரும், தொடையிலும் கழுத்திலும் வட்டம் வட்டமாக. கடைக்காரன் தருகிற ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவித் தடவி மாதக்கணக்கில் பயிற்சியை விட்ட பையன்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டை. தினமும் முழு வேகத்தில் தலையில் அடித்துக்கொள்கிற ஜிம் என்றால் அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

இரும்பு_மாமா:

லீவில் போகட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் அங்கே போய் முட்டியையோ தோளையோ உடைத்துக்கொண்டு வந்தால் ஜூடோ செலக்‌ஷனும் போச்சு, போலீஸ் உடல்தகுதியும் போச்சு. செலக்‌ஷன் முடிகிற வரை சண்டை வேண்டாம், பயிற்சி மட்டும் என்று எழுதி வாங்குங்கள்.

குடியாத்தம்_கார்னர்மேன்:

மாமா, உடைவது ஜூடோவிலும்தான் உடைகிறது. முட்டிச் சவ்வு கிழிந்தவர்களை எண்ணினால் உங்கள் ஆட்டத்தில்தான் அதிகம் இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம், விடுங்கள்.

நைட்_டூட்டி_அக்கா:

இன்சூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. சாதாரண விபத்து பாலிசிகளில் அபாயகரமான விளையாட்டு, தொழில்முறை விளையாட்டு இரண்டையும் விலக்கி வைத்திருப்பார்கள், பத்திரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். லீவுக்கு அனுப்புவதற்கு முன் படித்துப் பார்த்துவிடுங்கள். இன்னொன்று, ஸ்பாரிங்கில் தலையில் அடிபட்டு மயக்கம், வாந்தி, வெளிச்சம் பட்டால் கண் கூசுவது ஏதாவது இருந்தால் அன்றைக்கு வண்டி ஓட்டக் கூடாது, தனியாகவும் படுக்கக் கூடாது, டாக்டர் சரி என்கிற வரை ஸ்பாரிங் கிடையாது. கோச் ஒன்றும் ஆகாது என்பார், அவரிடம் கேட்காதீர்கள்.

சிப்காட்_ஷிஃப்ட்:

அப்பாவிடம் பேசியாயிற்று. மூன்றாம் வருஷம் ரெகுலர், ஜூடோ செலக்‌ஷன், லீவில் ஒரு மாதம் பெங்களூரு. சண்டை கிடையாது என்ற இடத்தில் தம்பி இன்னும் முனகிக்கொண்டிருக்கிறான், அமெச்சூர் மட்டும் ஒன்று போடுகிறேனே என்கிறான். அம்மா காதைப் பற்றி மட்டும் கேட்கச் சொன்னார், அந்த வீக்கம் அப்படியே கல்லு மாதிரி ஆகிவிடுமா?

நைட்_டூட்டி_அக்கா:

புது வீக்கம் என்றால் ரத்தம் உறைந்து இறுகுவதற்குள் இஎன்டி டாக்டரிடம் காட்டி எடுத்துவிட்டு, அழுத்தமாகக் கட்டுப் போட்டால் காது பழைய வடிவத்துக்கு வர வாய்ப்பு உண்டு. நாள் தள்ளினால் அப்படியே கெட்டியாகிவிடும். ஜிம்மில் யாராவது ஊசி குத்தி எடுக்கிறேன் என்றால் விடாதீர்கள், சீழ் வைத்தால் குருத்தெலும்பே போய்விடும். நாளைக்கே காலையில் ஓபி-க்குக் கூட்டிப் போங்கள், எட்டு மணிக்குள் போனால் டோக்கன் கிடைக்கும்.